முதல் கரிக்கு முன்னால்

சேலம் அஸ்தம்பட்டிக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் கருப்பூர், வெள்ளக்கல்பட்டி வரை பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கரட்டில், மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாகத் தரையின் மேற்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இத்தகைய கனிமத்துக்குச் சுரங்க உரிமை பெறுபவர், பாறையை உடைக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே விற்கத்தக்க பொருளைக் கையில் எடுத்துவிட முடியும். நிலக்கரியின் நிலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அது பல பத்து மீட்டர் மண்ணுக்கும் பாறைக்கும் அடியில், மேலே எந்த அடையாளமும் காட்டாமல் படுகையாகக் கிடக்கிறது. அதை எடுக்க அரசு தரும் உரிமைப் பத்திரம் கைக்கு வந்த நாளுக்கும் முதல் டன் கரி வெளியே வரும் நாளுக்கும் இடையே ஐந்தாண்டுகள் கழியலாம், பத்தாண்டுகளும் கழியலாம். சில இடங்களில் அந்த முதல் டன் வராமலே போயிருக்கிறது. வருவாய் ஒரு காசும் இல்லாமல் செலவு மட்டுமே நடக்கும் இந்த இடைக்காலத்தில்தான் ஒரு சுரங்கத்தின் தலைவிதி பெரும்பாலும் முடிவாகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் நெய்வேலியைவிட விரிவான சான்று வேறில்லை.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. புதையுண்ட தாவரங்கள் கரியாக மாறும் நெடும்பயணத்தில் பாதி வழியிலேயே நின்றுவிட்ட பொருள் இது என்பதால், எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கும். ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் வெப்பம் சுமார் 2,500 கிலோ கலோரி அளவில் நின்றுவிடும். தென்னார்க்காட்டுக் கடற்கரைச் சமவெளியின் அடியில் இப்படியொரு படுகை இருப்பதற்கான முதல் குறிப்புகள், 1880களில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர்ப் பகுதியில் துளையிட்டபோதே கிடைத்துவிட்டன. ஆனால் அரசின் கவனத்தை அது நிலையாக ஈர்த்தது 1930களின் நடுவில், நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீருடன் கரிய பொருள் வெளிவந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவித்த பிறகுதான். அந்தப் பகுதியின் கிணறுகள் ஆர்ட்டீசியன் ஊற்று எனப்படும் வகையைச் சேர்ந்தவை. நிலத்தடியில் இரு களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நீர், குழாய் இறங்கியதும் இறைப்பான் எதுவும் இல்லாமலே தரைக்கு மேல் பொங்கி வழியும். கரியைக் காட்டிக் கொடுத்த அந்த நீரே பின்னர் கால் நூற்றாண்டுக்குக் கரியை எடுக்கவிடாமல் தடுத்தது என்பது இந்த வரலாற்றின் விசித்திரம்.

ஓரிடத்தில் கரி தென்பட்டதால் மட்டும் அங்கே சுரங்கம் அமைத்துவிட முடியாது. படுகை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எவ்வளவு தடிமன், எந்த ஆழத்தில், இடையிடையே களிமண் புகுந்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்தில் எரித்துப் பார்த்தே அறிய வேண்டும். துளைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியின் இருப்பை ‘உறுதி செய்யப்பட்டது’ என்றும், சற்று அகன்றிருந்தால் ‘சுட்டப்பட்டது’ என்றும், மிக அகன்றிருந்தால் ‘ஊகிக்கப்பட்டது’ என்றும் நிலவியலாளர் வகைப்படுத்துவர். செய்தித்தாள்களில் வரும் பிரம்மாண்டமான இருப்புக் கணக்குகளில் இம்மூன்றும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், அவற்றைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது. நெய்வேலியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1943 முதல் 1946 வரை துளையிட்டுப் படுகை இருப்பதை உறுதிசெய்தது. 1949 முதல் 1951 வரை சென்னை மாகாண அரசின் சார்பில் சுரங்கப் பொறியாளர் ஹெச். கே. கோஷ் தலைமையில் 175 துளைகள் இடப்பட்டு, சுமார் 256 சதுர கிலோமீட்டர் பரப்பில் 200 கோடி டன் அளவுக்குப் பழுப்பு நிலக்கரி இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

இருப்பு தெரிந்த பின் எழும் கேள்வி, அதை எடுப்பதில் லாபம் உண்டா என்பது. திறந்தவெளிச் சுரங்கத்தில், அதாவது மேலேயிருந்து மண்ணை முழுவதுமாக அகற்றிக் கரியை வெளிப்படுத்தும் முறையில், இதற்கு விடை தருவது மேல்மண் விகிதம்: ஒரு டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும் என்ற கணக்கு. நெய்வேலியில் இது சுமார் ஐந்தரை. ஆண்டுக்கு 35 லட்சம் டன் என்ற தொடக்க இலக்கை இந்த விகிதத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டு கோடி கன மீட்டர் மண் வருகிறது. நிலக்கரிச் சுரங்கம் என்று பெயர் பெற்ற அந்த இடம் நடைமுறையில் ஒரு மாபெரும் மண் அகற்றும் தொழிற்சாலை. கரி அதில் கிடைக்கும் ஒரு சிறு பங்குச் சரக்கு.

எனினும் நெய்வேலியை மலைக்க வைத்தது மண்ணைவிட நீர்தான். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள மணல் அடுக்கில் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சதுர மீட்டர்க் கணக்கில் இது 60 முதல் 80 டன் வரையிலான விசை. மேலே அறுபது எழுபது மீட்டர் மண் உட்கார்ந்திருக்கும் வரை அதன் எடை இதைவிட அதிகம் என்பதால் எதுவும் நேராது. மண்ணை அகற்றிக்கொண்டே போய்ப் பதினைந்து மீட்டர் தடிமனுள்ள, நீரைக் காட்டிலும் சற்றே கனமான கரிப்படுகை மட்டும் எஞ்சும்போது, அதன் எடை சதுர மீட்டருக்கு இருபது டன்னுக்குள்தான் இருக்கும். அப்போது சுரங்கத்தின் தரை அடியிலிருந்து உப்பி வெடித்து, நீரும் மணலும் பீறிட்டுக் குழி முழுவதும் நிரம்பிவிடும். கரியைத் தொடுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்கின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும்.

இது சாத்தியமா என்பதைக் காகிதத்தில் தீர்மானிக்க இயலாது என்பதால், 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனைச் சுரங்கம் வெட்டப்பட்டது. முழுச் சுரங்கத்தில் கோடிகளைக் கொட்டுவதற்கு முன், சிறிய அளவில் அதே ஆழத்துக்கு இறங்கிப் பார்த்து, சரிவுகள் நிற்கின்றனவா, நீர் கட்டுப்படுகிறதா, கரியின் தரம் துளை மாதிரிகள் சொன்னபடியே இருக்கிறதா என்று அறிவதே அதன் நோக்கம். அமெரிக்கச் சுரங்கத்துறையின் வல்லுநர் பால் ஐரிச்சும், பின்னர் லண்டனின் பவல் டஃப்ரின் தொழில்நுட்ப நிறுவனமும் இத்திட்டத்தை ஆராய்ந்தனர். எட்டப்பட்ட தீர்வு கேட்பதற்கு எளிமையானது: வெட்டப்படும் குழியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளை வரிசையாக இறக்கி, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு கிணற்றைச் சுற்றிலும் நீரழுத்தம் தலைகீழ்க் கூம்பைப் போலத் தாழும். பல கிணறுகளின் கூம்புகள் ஒன்றோடொன்று கலந்து சுரங்கத்தின் அடியில் பாதுகாப்பான ஒரு பள்ளத்தை உண்டாக்கும். குழி முன்னேறும் திசையில் கிணறுகளும் முன்னேற வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு இறைப்பான்கள் நின்றுவிட்டால் அழுத்தம் மீண்டும் ஏறிவிடும் என்பதால், மின்சாரம் தயாரிப்பதற்காக அமைந்த சுரங்கமே மின்சாரத்தை நம்பி உயிர் வாழும் நிலை இன்று வரை தொடர்கிறது. இறைக்கப்பட்ட நீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போக, மீதம் வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் சென்றது. அதே வேளையில் சுற்றுவட்டாரத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் பல ஓய்ந்து, உழவர் இறைப்பானை நாட வேண்டியதாயிற்று. இந்த இரண்டையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். நிறுவன வரலாறுகள் முதலாவதை விரிவாகவும் இரண்டாவதைச் சுருக்கமாகவும் சொல்வது வழக்கம்.

இவ்வளவு பெரிய முதலீட்டைத் தனியாகத் தாங்கும் ஆற்றல் சென்னை மாநில அரசுக்கு இல்லை. நாட்டின் கரிவயல்கள் வங்காளத்திலும் பீகாரிலும் குவிந்திருக்க, தெற்கின் ஆலைகள் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கரியை நம்பியிருந்த காலம் அது. மேட்டூர், பைக்காரா போன்ற நீர்மின் நிலையங்களோ மழை பொய்த்த ஆண்டுகளில் கைவிட்டன. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955இல், திட்டம் மத்திய அரசின் பொறுப்புக்கு மாறியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு மண் அகற்றும் பணியைத் தொடங்கி வைத்தார்.

தொடக்கத் திட்டத்தில் சுரங்கத்துடன் அனல்மின் நிலையம், உர ஆலை, கரிக்கட்டி ஆலை, களிமண் தூய்மையாக்கும் ஆலை ஆகியவையும் சேர்ந்திருந்ததற்குக் காரணம் பழுப்பு நிலக்கரியின் இயல்பிலேயே உள்ளது. பாதி நீராக உள்ள ஒரு பொருளை ரயிலில் ஏற்றினால் நீருக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்த வேண்டும். குவித்து வைத்தாலோ காற்றுப் பட்டு உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். எனவே வெட்டிய இடத்துக்கு அருகிலேயே, வெட்டிய உடனேயே அதை எரித்தாக வேண்டும். சுரங்கம் தயாராகி மின் நிலையம் தயாராகாவிட்டால் கரியை எங்கும் அனுப்ப முடியாது. மின் நிலையம் முந்திக்கொண்டால் எரிக்க எதுவும் இராது. இரு கட்டுமானங்களும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் திட்டமிடுவோருக்கு நிரந்தரத் தலைவலி.

1957க்கும் 1961க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் முழுவதும் மண்ணோடு நடந்த போராட்டம். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி எந்திரங்கள், நீண்ட கையின் நுனியில் சுழலும் பெரிய சக்கரத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்ட வாளிகளால் மண்ணைச் சுரண்டி, ஓடும் பட்டைகளின் மேல் கொட்டுபவை. ரைன் கரையின் மென்மையான மண்ணில் பழகிய அவற்றுக்கு நெய்வேலியின் கடலூர் மணற்கல் கடுமையான எதிரியாக அமைந்தது. அதன் குவார்ட்சு மணிகள் வாளிகளின் எஃகுப் பற்களை விரைவாகத் தேய்த்தன. பற்களுக்கான உலோகத்தை மாற்றியும், கடினமான அடுக்குகளை முன்கூட்டியே வெடிவைத்துத் தளர்த்தியும்தான் எந்திரங்களை ஓட வைக்க முடிந்தது.

முதல் வெட்டு எனப்படும் தொடக்கக் குழிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. சுரங்கம் நிலைபெற்ற பின், முன்னால் தோண்டும் மண்ணைக் கரி எடுக்கப்பட்ட பின்பக்கப் பள்ளத்திலேயே நிரப்பிவிடலாம்; தொடக்கத்திலோ பின்பக்கப் பள்ளம் என்று ஒன்று இல்லாததால், எடுத்த மண் முழுவதையும் வெளியே குவிக்க வேண்டும். அதனால்தான் கரிப்படுகைக்கு மேலுள்ள நிலத்தோடு, கரியே இல்லாத நிலமும் முதலிலேயே தேவைப்படுகிறது. நெய்வேலியைச் சுற்றி இன்று குன்றுகளாகத் தெரியும் மண்மேடுகள் இந்தக் கட்டத்தில் தோன்றத் தொடங்கியவையே. 1961 ஆகஸ்ட் 24 அன்று படுகையின் மேற்புறம் முதன்முறையாக வெளிப்பட்டது. சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் முதல் அலகு 1962 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. ஓராண்டுக்கும் குறைவான இடைவெளியில் இரண்டும் ஒன்றுசேர்ந்தது, அக்கால நிலையில் பெரிய சாதனைதான்.

இந்தத் தேதிகளின் அட்டவணையில் எளிதாகக் கண்ணில் படாத ஒரு வரி நிலம் கொடுத்தவர்களுடையது. நில எடுப்பு என்பது திட்ட அறிக்கைகளில் ஒரு நெடுவரிசைக்குள் அடங்கிவிடுகிறது. மக்களுக்கோ அது வீடு, கிணறு, கோயில், சுடுகாடு அனைத்தையும் விட்டு நகர்தல். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தொடக்க கால எடுப்புகளில் மறுகுடியமர்வுக்கான உரிமை சட்டத்திலேயே இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அது எழுத்தில் இடம்பெற்றது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை நெய்வேலியில் தலைமுறைகளைத் தாண்டி நீள்கிறது. 2023 ஜூலையில் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வளையமாதேவியில் வெட்டப்பட்டபோது, கதிர்விட்ட நெல்வயலில் எந்திரங்கள் இறங்கிய காட்சி மாநிலம் முழுவதும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். எடுத்த பின்னும் பயிரிட விட்டிருந்தார்கள் என்பது உழவர் வாதம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிந்ததற்குக் காரணம், உரிமை பெறுவதற்கும் தோண்டுவதற்கும் இடையிலுள்ள அந்த நீண்ட காத்திருப்பே.

சேலத்துக்கும் நெய்வேலியின் கதையில் ஒரு பங்கு உண்டு. கஞ்சமலையில் இரும்புத்தாது ஏராளம், அதை உருக்கும் கரி அருகில் இல்லை. நெய்வேலியில் கரி கிடைத்ததும், இவ்விரண்டையும் இணைத்து ஓர் இரும்பாலை அமைக்கலாம் என்ற எண்ணம் 1950களிலும் 1960களிலும் ஐந்தாண்டுத் திட்ட ஆவணங்கள் வரை சென்றது. சாதாரண ஊதுலைக்கு வேண்டிய உறுதியான கோக் கரியைப் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெறுவது கடினம் என்பதால் அந்த இணைப்பு கைகூடவில்லை. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை, 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியபோது, கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலிக் கரியையும் தொடாமல், வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக அமைந்தது. மாவட்டத்தின் மற்றொரு முனையிலுள்ள மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கோ ஒடிசாவின் தால்ச்சர் வயல்களிலிருந்து கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், கப்பலில் எண்ணூருக்கும், மீண்டும் ரயிலில் மேட்டூருக்கும் வந்து சேர்கிறது.

தொலைவிலுள்ள கரிவயலில் தனக்கென ஒரு சுரங்கம் வேண்டும் என்று தமிழ்நாடு முயன்றதும் உண்டு. சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்திலுள்ள காரே பெல்மா இரண்டாம் பிரிவு, 2006இல் தமிழ்நாடு மின்வாரியத்துக்கும் மகாராஷ்டிர மாநிலச் சுரங்கக் கழகத்துக்கும் கூட்டாக ஒதுக்கப்பட்டு, மகாதமிழ் கொல்லியரீஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனியும் தொடங்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு டன் கரிகூட வெளிவராத நிலையில், 1993 முதல் வழங்கப்பட்ட ஒதுக்கீடுகள் முறையற்றவை என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் 204 வயல்களின் உரிமையை ரத்து செய்தபோது இதுவும் போயிற்று. தமிழ்நாட்டுக்குள்ளேயே உள்ள ஜெயங்கொண்டத்தின் கதை இன்னும் கசப்பானது. 1990களில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்குமாக மாநில அரசின் டிட்கோ நிறுவனம் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் எடுத்தது. இழப்பீட்டு வழக்குகள் நீள, சுரங்கம் தொடங்கவே இல்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டு நிலத்தை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை, விற்கவும் கடன் பெறவும் இயலாத நிலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

இத்தகைய தேக்கங்களின் பாடத்தைக் கொண்டே 2015ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் எழுதப்பட்டது. இன்று ஒரு வயல் ஏலத்திலோ நேரடி ஒதுக்கீட்டிலோ கிடைத்தால், உரிமை பெற்றவர் வங்கி உத்தரவாதம் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு படிக்கும் விதிக்கப்பட்ட கெடுவைப் பின்பற்ற வேண்டும். தவறினால் உத்தரவாதத்தில் பிடித்தம் நிகழும், உரிமையும் பறிபோகலாம். சுரங்கத் திட்ட அறிக்கைக்கு ஒப்புதல், மக்கள் கருத்துக் கேட்புடன் கூடிய சுற்றுச்சூழல் அனுமதி, காட்டு நிலம் இருந்தால் இரு கட்டங்களாக வழங்கப்படும் வன அனுமதி, மாநில அரசுடன் குத்தகைப் பத்திரம், நில எடுப்பு, சுரங்கம் திறப்பு அனுமதி, தன்பாதிலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் விதிகள் என்று படிகள் நீள்கின்றன. சுரங்கம் மூடப்படும் நாளில் நிலத்தைச் சீரமைப்பதற்கான பணத்தையும் ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும். கெடு விதிப்பதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஒரு கிராமசபை யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்தக் கெடுவுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதைச் சட்டம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

புதிய சட்டத்தின் கீழ் நெய்வேலி நிறுவனமே மீண்டும் ஒருமுறை தொடக்கத்திலிருந்து தொடங்கியது. என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிய அதற்கு, ஒடிசாவின் சம்பல்பூர், ஜார்சுகுடா மாவட்டங்களில் பரவியுள்ள தாலபிரா இரண்டு, மூன்று வயல்கள் 2016 மே மாதம் ஒதுக்கப்பட்டன. சுரங்கத்தை வெட்டி இயக்கும் பணி, டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில், அதானி குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாக வழங்கப்பட்டது. ‘சுரங்க மேம்பாட்டாளர், இயக்குநர்’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் உரிமை அரசு நிறுவனத்திடமும் எந்திரமும் ஆட்களும் ஒப்பந்தக்காரரிடமும் இருக்கும். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுக்கு 2019இல் இறுதி வன அனுமதி கிடைத்து, அவ்வாண்டு டிசம்பரில் போலீஸ் காவலுடன் மரங்கள் வெட்டப்பட்டபோது, தாங்கள் தலைமுறைகளாகக் காத்து வந்த காடு என்று தாலபிரா மக்கள் எதிர்த்து நின்றனர். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவில், முதல் கரி எடுக்கப்பட்டது. ஒதுக்கீட்டிலிருந்து நான்கு ஆண்டுகள். நெய்வேலியில் நேரு தொடங்கி வைத்த நாளிலிருந்து கரி தெரியும் வரை ஆனதும் ஏறத்தாழ அதே காலம், ஆனால் அங்கே அதற்கு முன்பே துளையிடலிலும் சோதனையிலும் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாலபிராவில் அந்த ஆய்வுப் பணி ஒதுக்கீட்டுக்கு முன்பே முடிந்திருந்தது. நெய்வேலியைப் போல அடியிலிருந்து தள்ளும் ஊற்றும் இல்லை.

தாலபிராவின் கரி, பழுப்பு நிலக்கரியைவிட முதிர்ந்தது, உலர்ந்தது. ரயிலிலும் கப்பலிலும் பயணத்தைத் தாங்கும். எனவே அதை எரிக்க அங்கேயே மின் நிலையம் எழும் வரை சுரங்கம் காத்திருக்கவில்லை. கரி தூத்துக்குடியில் நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக அமைத்த ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது, மீதியில் ஒரு பகுதி விற்கப்பட்டது. சுரங்கத்தின் அருகிலேயே அமையவிருக்கும் 2,400 மெகாவாட் நிலையத்துக்கு 2024 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது; அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கென ஒப்பந்தமாகியுள்ளது.